கொன்செஷன் றோட்டு வைரவர்

கனடாவில், பிக்கரிங்குக்கு வடக்கே, சோள வயல்களுக்கு நடுவே போகிற ஒரு கொன்செஷன் றோட்டின், அதாவது பழைய நாட்டுப்புறப் பாதையின், வளைவில், ஒரு கோடைகாலம் முழுவதும் ஒரு வைரவர் இருந்தார். வடைமாலை, தேங்காய், எலுமிச்சம்பழம் என்று ஒரு குறையும் இல்லாமல் இருந்தார். அவரை அங்கே உண்டாக்கியவள் சந்திரவதனா. உண்டாக்கவேண்டும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கு வந்த கதை எல்லாருக்கும் தெரியும். இது பிள்ளைக்கு விளக்கு வைக்கப்போய் வைரவர் வந்த கதை.

சந்திரவதனாவைக் கேட்டால், "என்னைப் பற்றிச் சொல்ல என்ன கிடக்கு?" என்பாள். சுதுமலையில் பிறந்தவள். தொண்ணூறுகளின் நடுவில், கொழும்பு லொட்ஜ் ஒன்றில் விசாவுக்குக் காத்துக் கிடந்து, ஒருவழியாக ரொறொன்ரோ வந்து இறங்கினாள். வந்த கிழமையே ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்ற் பார்ட்டி ரூமில் அன்புராசா தாலி கட்டினார். மாப்பிள்ளையை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தாள். படத்தில் இருந்ததைவிட முடி குறைவு என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்த காலம் ஒன்று இருந்தது.

முதலில் சமோசா தொழிற்சாலை. பிறகு ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறை. பல்லுப் போன வெள்ளைக்காரக் கிழவர்களுக்கு இறைச்சியையும் கரட்டையும் கூழாக அரைத்துக் கொடுப்பது அவளுடைய வேலை. அன்புராசா பள்ளிக்கூட பஸ் ஓடினார். மூத்தவன் பிரியந்தன், இளையவள் நிலாணி. ஸ்காபரோவில் வீடு வாங்கக் கட்டுப்படியாகாமல் எல்லாரும் போல இவர்களும் அஜக்ஸுக்குப் போனார்கள். வீட்டுக்குப் பின்னால் கத்தரியும் மிளகாயும் நட்டாள். இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன சரித்திரம் வேண்டும்?

அவளுக்கு ஒரு பயம் இருந்தது. 401 நெடுஞ்சாலை. முன்னுக்கும் லொறி, பின்னுக்கும் லொறி, நடுவில் தன் பிள்ளையின் சின்னக் கார் என்று நினைத்தாலே அவள் எழும்பிச் சாமியறைக்குப் போய்விடுவாள். பிரியந்தனுக்கு மார்க்கத்தில் ஒரு வேர்ஹவுஸில் விடியற்கால ஷிஃப்ற் கிடைத்தபோது, "401 வேண்டாம் ராசா, மேலால போற கொன்செஷன் றோட்டால போ" என்று சொன்னாள். அவன் தாய் சொல்லுத் தட்டாத பிள்ளை. இந்தக் காலத்தில் அப்படி ஒரு பிள்ளை. மாசி மாதம் ஒரு காலையில், தார் றோட்டோடு றோட்டாகக் கண்ணுக்குத் தெரியாமல் ஐஸ் படிந்து கிடந்தபோது, அந்த வளைவில் கார் வழுக்கி, றோட்டோரப் பள்ளமான கானுக்குள் புரண்டது. அவனுக்கு இருபத்துநாலு வயது.

மரணவீட்டு மண்டபத்தில் அவனுடைய நெற்றியை மெழுகாலும் பவுடராலும் சரிக்கட்டி வைத்திருந்தார்கள். அவள் திருநீறு பூசக் கையைக் கொண்டுபோனாள். மண்டபத்துக்காரப் பெண், மிகுந்த மரியாதையோடு, "முகத்தைத் தொட வேண்டாம், கழன்றுவிடும்" என்று தடுத்தாள். பெற்ற தாய் பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூசவில்லை. அந்தப் பிடி திருநீறு அவள் கைக்குள்ளேயே வியர்வையில் நனைந்து கட்டியாகிப் போனது. எல்லாரும் எதை எதையோ சொல்லி அழுதார்கள். அவளுக்கு அது ஒன்றுதான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்று, கிரியை செய்த குருக்களிடம் மெல்லக் கேட்டாள்: "ஐயா, உயிர் போன இடத்தில ஒரு விளக்கு வைக்கலாமோ?"

"வையுங்கோ அம்மா. மனம் ஆறுமட்டும் வையுங்கோ."

அன்புராசா வரமாட்டேன் என்றுவிட்டார். அவர் அந்தச் சாவுக்குப் பிறகு பேஸ்மென்ற்றில் ரீவியைப் போட்டுவிட்டு அதைப் பாராமல் இருக்கிற மனிதராகிவிட்டார். அதனால் வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து அவள் தனியாகவே போனாள்.

வளைவில் ஒரு கல் நின்றது. வயல் கற்களைச் சீமெந்து போட்டு நெஞ்சளவுக்குக் கட்டி, முகப்பில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருந்தார்கள். கனடாவின் றோட்டோரம் முழுக்க இப்படிக் கற்களும் தகடுகளும் நிற்கின்றன. முதல் வந்து குடியேறியவர், முதல் மாவாலை, ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டுச் சண்டைக்குப் போன சிப்பாய் என்று என்னவெல்லாமோ எழுதியிருக்கும். ஒரு குருவியும் காரை நிறுத்தி அதை வாசிப்பதில்லை. பிரியந்தனின் கார் அந்தக் கல்லை உரசிக்கொண்டுதான் கானுக்குள் போனது. கல்லில் ஒரு கீறல் இல்லை.

கானுக்குள் பனி உருகிச் சேறாகக் கிடந்தது. விளக்கு நிற்க இடமில்லை. கல்லின் அடியில் மட்டும் காற்றுப் படாத ஒரு விளிம்பு இருந்தது. ஜாம் போத்தலுக்குள் நெய்விளக்கை வைத்து ஏற்றினாள். கடையில் வாங்கின செவ்வந்திப் பூவை வைத்தாள். கைப்பையைத் திறந்தபோது திருநீற்றுப் பொட்டலம் தட்டுப்பட்டது. கல்லைப் பார்த்தாள். தகட்டுக்கு மேலே, நெற்றி மாதிரி, ஒரு வழுவழுப்பான சாம்பல்நிறக் கல் இருந்தது. மூன்று விரலால் அள்ளி அதில் இழுத்துப் பூசினாள். பிறகு அந்தக் கல்லிலேயே தலையைச் சாய்த்து, வாய் விட்டு, ஆர் கேட்டால் என்ன என்று அழுதாள். கேட்க ஒருவரும் இல்லை, அது ஆறுதலாகவும் இருந்தது.

அதுதான் அவள் செய்த பிழை. அதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் றோட்டோரம் ஒரு கல், கல்லில் மூன்று குறி, அடியில் ஒரு விளக்கு என்று கண்டால் ஒரு யாழ்ப்பாணத்தான் என்ன நினைப்பான்? மரணம் என்று நினைப்பானா? ஊருக்குக் காவல் நிற்கிற, நாயை வாகனமாக வைத்திருக்கிற வைரவர் என்றுதான் நினைப்பான். தாய் வயிற்றிலிருந்தே அப்படித்தான் பழக்கம்.

அப்படி நினைத்த முதல் ஆள் பத்மநாதன். அஜக்ஸ்வாசி. மரக்கறி வான் ஓடி, தமிழ்க் கடைகளுக்குக் கீரையும் முருங்கைக்காயும் போடுகிறவர். நல்ல மனுஷன், யாருக்கும் ஓடி உதவுகிறவர், வாய்தான் கொஞ்சம் நீளம். சித்திரை மாதத்து உறைமழையில் அவருடைய வான் அதே வளைவில் வழுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, அந்தக் கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கண்ணைத் திறந்தால் எதிரே மூன்று குறி, பூ, எரிகிற விளக்கு. வானுக்குள் இருந்த முருங்கைக்காய் கூட முறியவில்லை என்று அவர் பிறகு கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்திரவதனா போனபோது கல்லுக்கு முன்னால் ஒரு தேங்காய் உடைத்திருந்தது. தன்னுடைய சொந்தக்காரர் யாரோ பிரியந்தனுக்காக வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மனம் நெகிழ்ந்தாள். மைத்துனிக்கு நன்றி சொல்ல நினைத்து ஃபோன் எடுத்தாள். மைத்துனிக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்கடுத்த கிழமை கல்லுக்குச் சிவப்புப் பட்டுக் கட்டியிருந்தது. அதற்கும் பிறகு, பக்கத்தில் ஒரு சூலம் நட்டிருந்தது. துருப்பிடிக்காத இரும்பில், யாரோ வெல்டிங் கடையில் சொல்லிச் செய்வித்தது. அதைப் பார்த்தபோதுதான் இது சொந்தக்காரர் செய்த வேலை இல்லை என்று அவளுக்கு விளங்கியது.

வைகாசி பிறக்க வட்ஸ்அப் வழியே செய்தி பரவிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்தக் காலத்து ஊருக்காவது ஒரு எல்லை இருந்தது, வட்ஸ்அப்புக்கு எல்லை ஏது? புதுக் கார் எடுத்தவர்கள் ரயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசிக்க வந்தார்கள். முன்பு றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போன கார்கள் எல்லாம் இப்போது வைரவரிடம் திரும்பின. றோட்டில் காவல் நிற்கிறவர் வைரவர்தானே என்று அதற்கு நியாயம். றைவிங் ரெஸ்ற் எடுக்கப்போகிற பிள்ளைகளைத் தாய்மார் கூட்டிவந்தார்கள். ஒருநாள் மாலை வடைமாலையின் மணத்துக்குச் சோளத்துக்குள்ளிருந்து, காட்டு நாய் மாதிரி ஒரு கொயோட்டி வெளியே வந்து நின்று பார்த்தது. அவ்வளவுதான், "வைரவற்ர வாகனம் வந்திட்டுது" என்று கும்பிட்ட கை இறங்கவில்லை. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்று பழமொழி. இங்கே இரண்டும் ஒரே இடத்தில் அகப்பட்டுவிட்டன. பிறகு யாருடைய புத்தி நிதானத்தில் நிற்கும்?

சந்திரவதனாவுக்கு இப்போது விளக்கு வைக்க வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. அவளுடைய ஜாம் போத்தலை யாரோ "இது அழகில்லை அன்ரி" என்று எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டுக் குத்துவிளக்கு வைத்தார்கள். அவளால் கல்லில் தலை சாய்க்க முடியவில்லை. அழ முடியவில்லை. ஒருமுறை கண் கலங்கி நின்றபோது பக்கத்தில் நின்ற பெண், "என்ன நேத்திக்கடன் அக்கா? இவரிட்டக் கேட்டால் கட்டாயம் குடுப்பார்" என்று தோளைத் தடவினாள்.

ஆனி மாதம் ஒருநாள், அவள் துணிந்து பத்மநாதனைத் தனியே கூப்பிட்டாள். அவர் கல்லைச் சுற்றிக் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும், இடத்தை அவர் துப்புரவாக வைத்திருந்தார்.

"தம்பி, இது வைரவர் இல்லை."

"என்னக்கா சொல்லுறியள்?"

"மாசியில என்ர மகன் இதிலதான் செத்தவன். அவனுக்குத்தான் நான் விளக்கு வைச்சனான். திருநீறு பூசினதும் நான்தான். இது வெள்ளைக்காரற்ர கல்லு. இதில சாமி ஒண்டும் இல்லை."

பத்மநாதன் கையிலிருந்த குப்பைப் பையைக் கீழே வைத்தார். அவருடைய கண் நிறைந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இனிப் புரிந்துவிடும் என்று அவள் நினைத்தாள்.

"அக்கா, அப்ப உங்கட கையாலதான் அவர் வெளிப்பட்டிருக்கிறார். உங்கட பிள்ளையை அவர் தன்ர காவலுக்கு எடுத்திருக்கிறார் அக்கா. பாருங்கோ, தம்பிக்குப் பிறகு இந்த வளைவில ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. என்னை ஆர் காப்பாத்தினது எண்டு நினைக்கிறியள்?"

ஏமாற்றுக்காரனாக இருந்தால் சண்டை பிடிக்கலாம். உண்டியல் வைத்தவனாக இருந்தால் நாலு பேருக்கு முன்னால் கேட்கலாம். இந்த மனுஷன் தன்னுடைய உயிரை அந்தக் கல் காப்பாற்றியது என்று உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை நம்புகிறார். அவளுடைய பிள்ளைக்காக உண்மையாகவே அழுகிறார். அந்தக் கண்ணீரை என்ன செய்வது? "சரி தம்பி" என்று சொல்லிவிட்டுக் காருக்குள் போய் இருந்தாள்.

அடுத்த கிழமையிலிருந்து நிலைமை இன்னும் மோசம். அவள் வந்தால் எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். "வைரவரைக் கண்ட அம்மா" என்று காலில் விழக்கூடப் பார்த்தார்கள். முன்பு வரிசையில் நின்றாவது ஒரு நிமிடம் கிடைத்தது. இப்போது அத்தனை கண்களும் அவள்மேல்.

நிலாணி வீட்டில் கத்தினாள். "அம்மா, திஸ் இஸ் இன்சேன். அது அண்ணா செத்த இடம். ஏன் நீங்கள் ஒண்டும் சொல்லாமல் இருக்கிறியள்?"

"சொன்னனான். நான் சொன்னதையும் அவை நம்பிட்டினம் பிள்ளை. அதுதான் பிரச்சினை."

நிலாணிக்கு அது விளங்கவில்லை. பேஸ்மென்ற்றிலிருந்த அன்புராசாவுக்கு விளங்கியிருக்கும், அவர் ரீவியின் சத்தத்தைக் கூட்டினார்.

ஆடி மாதம், ஒரு வேலைநாள் மத்தியானம். ஷிஃப்ற் இல்லாத நாளாகப் பார்த்து, யாரும் இருக்கமாட்டார்கள் என்று சந்திரவதனா போனாள். கல்லுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, வாளியும் பிரஷ்ஷுமாக மடிப்புக் கதிரையில் உட்கார்ந்து, தகட்டிலிருந்த எண்ணெய்யையும் குங்குமத்தையும் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெயர் டொரத்தி. அந்தப் பகுதியின் சரித்திரச் சங்கத்தில் இருப்பவள். கல்லில் பெயர் எழுதியிருந்த வில்மொட் குடும்பத்தில் வந்தவள். வருஷத்துக்கு ஒருமுறை வந்து தகட்டை மினுக்குவது வழக்கமாம். இந்த முறை வந்தபோது தன்னுடைய பாட்டன் பூட்டனுக்கு வடைமாலை போட்டிருப்பதைக் கண்டு அவள் பயந்தே போனாளாம்.

சந்திரவதனா தனக்குத் தெரிந்த சமையலறை இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னாள். டொரத்தி பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "ஐ ஆம் சோ சொறி" என்றாள். பிறகு இருவருமாகச் சேர்ந்து தகட்டைத் துடைத்தார்கள். துடைக்கத் துடைக்க எழுத்து வெளியே வந்தது. டொரத்தி ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்துக் காட்டினாள். எபனேசர் வில்மொட்டும் மனைவி ஹன்னாவும் காடாகக் கிடந்த இந்த இடத்துக்கு முதன்முதல் வந்து குடியேறியவர்கள். அவர்களுடைய மகன் ஜோசையா படைக்குப் போய்த் திரும்பி வரவில்லை. இந்த வட்டார ஊர்ச்சபையின் முதல் கூட்டம் அவர்களுடைய களஞ்சியத்தில்தான் கூடியது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்த ஜோசையாவுக்குக் காய்ச்சல் கண்ட நாள்கூட டொரத்திக்குத் தெரிந்திருந்தது.

சந்திரவதனா தகட்டின் அடியில் வெறுமையாகக் கிடந்த விளிம்பில் விரலை வைத்தாள். பிறகு கேட்டாள், இதில் ஒரு ஓரத்தில், சின்னதாக, என்னுடைய மகனுடைய பெயரையும் போட முடியுமா? பெயர் மட்டும் போதும்.

டொரத்தியின் முகம் வாடிவிட்டது. இல்லை அன்பே, இது அப்படிப்பட்ட தகடு இல்லை, இங்கே வந்து குடியேறியவர்களுக்கானது என்றாள்.

"நாங்களும் வந்து குடியேறினாக்கள்தான்" என்றாள் சந்திரவதனா. இங்கிலீஷில் சொன்னாள், பிறகு அது சரியாக வந்ததோ என்று பயந்து தமிழிலும் சொன்னாள். டொரத்தி அவள் கையின்மேல் தன் கையை வைத்தாள். பாவம், அவளும்தான் என்ன செய்வாள்?

ஆவணியில் அது நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, றோட்டின் இருபக்கமும் கார்கள். வளைவில் வேகமாக வந்த ஒரு மோட்டார்சைக்கிள்காரப் பையன், கார்களைக் கண்டு திடுக்கிட்டு வெட்டி, அதே கானுக்குள் போய் விழுந்தான். கை முறிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. "பாத்தியளே, வைரவர் காப்பாத்திப்போட்டார்" என்றார்கள் பக்தர்கள். சந்திரவதனா புல்லிலேயே இருந்துவிட்டாள். அந்தப் பையன் வலியில் "மம்" என்று கூப்பிட்டான். அந்தச் சத்தம் அவளுடைய காதைவிட்டுப் போக நாளெடுத்தது.

பிறகு றோட்டுக்குப் பொறுப்பானவர்கள் வந்தார்கள், அளந்தார்கள், படம் எடுத்தார்கள். கல்லைப் பிடுங்கி, கிராமத்து மியூசியம் வளவுக்குள் கொண்டுபோய் வைப்பது, வளைவில் இரும்பு வேலி போடுவது, வாகனம் நிறுத்தத் தடை என்று தீர்மானமாயிற்று. நிலாணியைக் கூட்டிக்கொண்டு சந்திரவதனா அந்த அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த இளம் அதிகாரி நல்ல மாதிரி. தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தான். றோட்டு விபத்தில் செத்தவர்களுக்குக் குடும்பத்தார் பூவோ சிலுவையோ வைத்தால் தாங்கள் கொஞ்சக் காலத்துக்குக் கண்டும் காணாமல் விடுவதுண்டு என்றான். ஆனால் இந்த இடம் இப்போது அப்படி இல்லையே, மற்றவர்களுடைய உயிருக்கு ஆபத்தாகிவிட்டதே என்றான்.

"எனக்கு ஒரு போத்தல் வைக்கிற இடம் போதும் எண்டு சொல்லு" என்றாள் மகளிடம்.

நிலாணி சொன்னாள். அவன் மேசையைப் பார்த்தான். உங்களுக்கு மட்டும் விட்டால் மற்றவர்களும் வருவார்கள் என்றான். அதில் என்ன பொய்? தன்னுடைய பிள்ளை இருக்கட்டும், அந்த மோட்டார்சைக்கிள் பையனின் தாயை நினைத்தபோது அவளால் அந்த அதிகாரியோடு வாதாடவும் முடியவில்லை. நியாயம் எல்லாம் எதிர்ப்பக்கம் போய் நின்றால் மனுஷி யாரோடுதான் மல்லுக்கு நிற்பது? நன்றி சொல்லிவிட்டு எழும்பினாள்.

கல் எடுக்கிற நாள் புரட்டாசியில் வந்தது. பத்மநாதன் ஆட்களோடும் ஒரு ஐயரோடும் விடியவே வந்துவிட்டார். கோயில் திருத்தும்போது மூர்த்தியில் இருக்கிற சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி வேறிடத்தில் வைப்பார்கள், பாலஸ்தாபனம் என்பது அதற்குப் பெயர். அதை அவர்கள் முறைப்படி செய்தார்கள். ஐயர் மந்திரம் சொல்லி, கல்லில் கட்டியிருந்த தர்ப்பைக் கயிற்றைக் கும்பத்தில் சேர்த்தார். றோட்டு வேலைக்காரர் கிறேனை நிறுத்திவிட்டுக் கோப்பி குடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்கள். டொரத்தியும் வந்திருந்தாள். சந்திரவதனா ஒரு ஓரத்தில் நின்றாள்.

கும்பத்தைப் பத்மநாதன் தலையில் வைத்துக்கொண்டு வானுக்குப் போனார். கிறேன் கல்லைத் தூக்கியது. அது வேரோடு வருகிற மரம் மாதிரி மண்ணை உதிர்த்துக்கொண்டு மேலே போனது. டொரத்தி கண்ணைத் துடைத்தாள். அவளுக்கும் துக்கம், ஆனால் அவள் தன்னுடைய கல்லுக்குப் பின்னால் காரில் போகலாம். பத்மநாதன் தன்னுடைய வைரவரோடு போகலாம்.

சந்திரவதனா ஐயரிடம் போனாள். "ஐயா, வைரவர் கும்பத்தில போறார். கல்லு மியூசியத்துக்குப் போகுது. என்ர பிள்ளை எதில போறான்?"

ஐயருக்குக் கதை தெரியாது. ஏதோ தத்துவம் கேட்கிறாள் என்று நினைத்து, "எல்லாம் அவனுக்குள்ள அடக்கம் அம்மா" என்று சொல்லிவிட்டு வானில் ஏறினார். அவள் கிறேன்காரனைப் பார்த்தாள். அவன் கையைக் காட்டி, விலகி நிற்கச் சொன்னான். குழியை மண் போட்டு நிரப்பி, அதன்மேல் புல் உருட்டி விரித்து, மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டார்கள்.

இரும்பு வேலி வந்தது. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வெள்ளிக்கிழமை அவள் அந்த வழியால் போனாள். வளைவில் காரை மெதுவாக்கினால் பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்தான். காரை நிறுத்தக்கூடாது, நடந்து வர ஓரத்தில் பாதையும் கிடையாது. கண்ணாடியை இறக்கி, ஓடுகிற காரிலிருந்தே பூவை எறிந்தாள். அது காற்றில் திரும்பித் தன் காரின் பின்கண்ணாடியிலேயே விழுந்ததைக் கண்டு, பிறகு அந்த வழியால் போவதை விட்டாள். மியூசியத்துக்கும் ஒருமுறை போய்ப் பார்த்தாள். கல்லைக் கழுவிப் புதுக் கல் மாதிரி வைத்திருந்தார்கள். சுற்றிவரக் கயிறு, தொடக்கூடாது என்று பலகை. அங்கே பிரியந்தன் இல்லை. இருந்தால் தாய்க்குத் தெரியாதா?

தை மாதம், ஸ்காபரோவில், கார் திருத்துகிற கடைகளுக்கு நடுவே ஒரு யூனிற்றை வாடகைக்கு எடுத்துப் பத்மநாதன் கோயில் திறந்தார். ஊரிலிருந்து புதிதாக ஒரு இளம் ஐயரையும் வரவழைத்திருந்தார். "நீங்கள் வராமல் அவருக்குக் கண் திறக்கேலாது அக்கா" என்று வீட்டுக்கே வந்து நின்று கூப்பிட்டார். மறுக்கச் சந்திரவதனாவுக்கு உடம்பில் சக்தி இல்லை. நிலாணி கூட்டிக்கொண்டு போனாள். அன்புராசாவும், என்ன நினைத்தாரோ, வேட்டியைக் கட்டிக்கொண்டு பின் சீற்றில் ஏறினார்.

கருங்கல்லில் செய்த வைரவர், மகாபலிபுரத்திலிருந்து வந்தவர், நாயோடு நின்றார். நல்ல சனம். அர்ச்சனைத் தட்டோடு வரிசை நகர்ந்தது. அவளுடைய முறை வந்தது. இளம் ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, முகம் பார்க்காமல், எல்லாரிடமும் கேட்கிறதைக் கேட்டார்.

"பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

ஒரு வருஷமாக அந்தப் பெயரை ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. தகட்டில் போடமுடியாது என்றார்கள், வளைவில் வைக்கமுடியாது என்றார்கள். வீட்டில் அதைச் சொன்னால் அன்புராசா எழும்பிக் கீழே போய்விடுவார். இப்போது ஒரு மனிதர் அந்தப் பெயரைக் கேட்கிறார். அதுவும் சாமிக்கு முன்னால், உரக்கச் சொல்வதற்கு.

"பிரியந்தன். பூரட்டாதி."

நிலாணி தாயின் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அது உயிரோட இருக்கிறாக்களுக்குச் செய்யிறது" என்று காதுக்குள் சொன்னாள். சந்திரவதனா கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, பெயரை மாற்றவும் இல்லை. பின்னால் நின்ற அன்புராசா தலையைக் குனிந்துகொண்டார்.

ஐயர் உள்ளே திரும்பி, நல்ல கணீரென்ற குரலில், பூரட்டாதி நட்சத்திரத்தில் பிறந்த பிரியந்தனுக்கு நீண்ட ஆயுளும், நோயில்லாத உடம்பும், நல்ல உத்தியோகமும், காலாகாலத்தில் கல்யாணமும் கிடைக்கவேண்டும் என்று சங்கற்பம் சொன்னார். பெயரை மூன்று தரம் சொன்னார். சந்திரவதனா கண்ணை மூடிக் கும்பிட்டபடி மூன்றையும் கேட்டாள்.

தட்டைத் திருப்பித் தந்தபோது ஐயர் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"அடுத்த முறை மகனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ அம்மா."

"ஓம் ஐயா" என்றாள் சந்திரவதனா. "சொல்லிப் பாக்கிறன்."